ஓடை எந்தப் பக்கம் ஓடுது? – அண்ணாச்சி பதில்கள்

போன இதழில் ஓரியன்டியரிங் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ். காட்டிலோ மேட்டிலோ ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாய்த் துணிக்கூடு தொங்கும், அதற்குப் பெயர் கண்ட்ரோல். மேப்பில் போட்டிருக்கிற வரிசைப்படி ஒவ்வொன்றாய்த் தேடிப்போய்ப் பஞ்ச் பண்ணிவிட்டு, அதாவது வந்துபோனதற்கு அடையாளம் பதிந்துவிட்டு, குறைந்த நேரத்தில் திரும்பி வருகிறவர் ஜெயித்தவர். இடையில் எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு. "நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் யாராவது ஓடியிருந்தால் எங்கே வழி தப்பினீர்கள் என்று எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். ஜெயித்த கதை ஒன்றுகூட வரவில்லை, தப்பிப்போன கதை கட்டுக்கட்டாக வந்திருக்கிறது. சந்தோஷம். பட்டாளத்தில் இருந்த வருஷங்களில் நானும் இதை ஓடி, யாரும் தப்பாத இடத்தில் எல்லாம் தப்பியவன்தான்.

அண்ணாச்சி, பெங்களூர் பக்கம் நடந்த ஒரு போட்டியில் முதல்முறையாக ஓடினேன். மூன்றாவது கண்ட்ரோல் வரை சரியாகத்தான் போனேன். நாலாவதற்குக் கிளம்பும்போது ஒருத்தர் வேகமாக, மேப்பைப் பார்த்துப் பார்த்து ஓடினார். விஷயம் தெரிந்த ஆள் போல என்று பின்னாலேயே போய்விட்டேன். அவர் பஞ்ச் பண்ணிய இடம் என்னுடையது இல்லை. அப்புறம் எங்கே நிற்கிறேன் என்றே தெரியாமல் 35 நிமிஷம் சுற்றிவிட்டு, கடைசி ஆளாக வந்து சேர்ந்தேன். என் தப்பு எது? – கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, அவர் பின்னால் போனதுதான் தப்பு என்று நீங்களே முடிவு பண்ணிவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. அது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரே காட்டில் ஒரே நேரத்தில் பெரியவர்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று என்று நாலைந்து கோர்ஸ், அதாவது தனித்தனிக் கண்ட்ரோல் வரிசை, ஓடிக்கொண்டிருக்கும், ஆளுக்கு ஆள் கிளம்புகிற நேரமும் வேறு. முன்னால் ஓடுகிறவர் உங்கள் கண்ட்ரோலுக்குத்தான் போகிறார் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது. வண்ணாரப்பேட்டையில் நின்றுகொண்டு, முன்னால் போகிற பஸ் ஜங்ஷனுக்குத்தான் போகும் என்று போர்டு பார்க்காமல் ஏறுகிற கதைதான்.

ஆனால் உங்கள் தப்பு அதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே நடந்துவிட்டது. மூன்றாவதில் பஞ்ச் பண்ணிவிட்டுக் கிளம்பும்போது, நாலாவதற்கு எந்த வழி என்று நீங்கள் முடிவு பண்ணியிருக்கவில்லை. பண்ணியிருந்தால் அவர் எந்தப் பக்கம் ஓடினால் உங்களுக்கு என்ன? கையில் திட்டம் இல்லாதவன் கண்ணுக்குத்தான் முன்னால் ஓடுகிறவன் பெரிய ஆளாகத் தெரிவான்.

என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு போட்டியில் ஆறாவது கண்ட்ரோல் ஒரு ஓடை வளைவில் இருந்தது. மேப்பின்படி நான் மேட்டிலிருந்து இறங்கினால் ஓடை எனக்கு இடமிருந்து வலமாக இறங்க வேண்டும். இறங்கினேன், ஓடையும் இருந்தது, வளைவும் இருந்தது, ஆனால் சரிவு வலமிருந்து இடமாக. காய்ந்த ஓடைதான், இருந்தாலும் மணலில் தண்ணீர் போன தடத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம் ஓடியது என்று எங்கள் ஊரில் மாடு மேய்க்கிற பையன் சொல்லிவிடுவான். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, "மேப் போட்டவன் தப்பாப் போட்டிருப்பான்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கண்ட்ரோலைத் தேட ஆரம்பித்தேன். 27 நிமிஷம் தேடினேன். கண்ட்ரோல் அங்கே இல்லை, ஏனென்றால் அது அடுத்த ஓடை. ஒரு மேட்டுக்கு முன்னதாகவே இறங்கியிருக்கிறேன். ஒரே மாதிரி ரெண்டு இருக்கிற இடத்தில் ஒன்றை இன்னொன்று என்று நம்பி நிற்கிற இந்தத் தப்பு ரொம்பப் பேருக்கு வருவது. இதில் மோசமான விஷயம், நிலம் நம்மிடம் நேராகவே சொல்கிறது "நான் அது இல்லை" என்று. நாம்தான் பொருந்துகிற ரெண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருந்தாத ஒன்றுக்குச் சமாதானம் தேடுகிறோம். இப்போதெல்லாம் "மேப் தப்பா இருக்கும்" என்று மனசு சொன்ன அந்த நொடியே நின்றுவிடுவேன். அது எனக்கு அலாரம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். போட்டி முடிந்த அன்று ராத்திரியே, மறந்துபோவதற்கு முன்னால், மேப்பை விரித்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் நீங்கள் நிஜமாகப் போன வழியை வரையுங்கள். போக நினைத்த வழி வேண்டாம். சுற்றினால் சுற்றியபடியே வரையுங்கள், வெட்கப்படக் கூடாது. போட்டி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் எடுத்த நேரத்தை ஸ்பிளிட் என்று ஒரு சீட்டில் தருவார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பிரிவில் நன்றாக ஓடியவருடைய நேரத்தையும் பாருங்கள். எந்த இடைவெளியில் நேரம் கொட்டியிருக்கிறது என்று சட்டென்று தெரியும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இதோ இங்கேதான் நிற்கிறேன் என்று கடைசியாக எந்த இடத்தில் என்னால் சத்தியம் பண்ண முடியும்?" அந்தப் புள்ளிக்கும், தொலைந்துவிட்டோம் என்று புரிந்த புள்ளிக்கும் நடுவில் கிடக்கிறது உங்கள் தப்பு. தேடி அலைந்த 35 நிமிஷம் அதற்குக் கட்டிய வட்டி.

கண்டுபிடித்ததை நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "3-ல் பஞ்ச் பண்ணியதும் மேப்பை வடக்குக்குத் திருப்பாமல் கிளம்பினேன்" என்று எழுதினால் அடுத்த தடவை திருப்புவீர்கள். என் நோட்டை ஒருநாள் உட்கார்ந்து படித்தபோது பாதி வரிகள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின: கண்ட்ரோலை விட்டுக் கிளம்பிய முதல் ஐம்பது மீட்டர். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், யாராவது பார்க்கிறார்களே என்ற வீராப்பில், எந்தப் பக்கம் என்றே பார்க்காமல் ஓடியிருக்கிறேன். வருஷக்கணக்கில்.

தப்பிவிட்டோம் என்று தெரிந்தால் அந்த நிமிஷம் என்ன செய்வது? – அம்பாசமுத்திரம் வாசகர்

நில்லுங்கள். தப்பியவன் கால் இன்னும் வேகமாக ஓடும், அது பயம். நின்று, மேப்பின் வடக்கைக் காம்பஸின் வடக்கோடு சேர்த்துவிட்டு, சுற்றிலும் பெரிதாக என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ரோடு, கரை, குன்று. முதலில் கண்ணால் பாருங்கள், அப்புறம் மேப்பில் தேடுங்கள். மாற்றிச் செய்தால் என் ஓடை கதைதான் நடக்கும். அப்படியும் விளங்கவில்லை என்றால் கடைசியாகத் தெரிந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். மூணு நிமிஷம் போகும். போகட்டும்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவள் வயசுப் பிள்ளைகளில் முதல் ஆளாக ஓடி வந்தாள். ஆனால் ஒரு கண்ட்ரோலில் வேறொன்றை மாற்றிப் பஞ்ச் பண்ணிவிட்டாளாம், கணக்கிலேயே சேர்க்கவில்லை. பஸ்ஸில் வள்ளியூர் வரும்வரை அழுதுகொண்டே வந்தாள். இனி போக மாட்டேன் என்கிறாள். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு கறாராக இருக்கணுமா அண்ணாச்சி? – வள்ளியூர் வாசகி

இருக்கணும் தங்கச்சி. இந்த விளையாட்டே அதுதான். எல்லாக் கண்ட்ரோலும், சரியான வரிசையில். ஒன்று மாறினாலும் நேரம் செல்லாது. உலகப் போட்டியிலும் இதே விதிதான். உங்கள் மகளுக்கு மட்டும் தனியாக யாரும் அநியாயம் பண்ணவில்லை என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள், அதுவே பாதி ஆறுதல்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒவ்வொரு கண்ட்ரோலிலும் ஒரு நம்பர் எழுதியிருக்கும். 31-லிருந்து ஆரம்பிக்கும், ஒன்று இரண்டு என்று இருக்காது. கோர்ஸில் அது எத்தனையாவது என்பதோடு குழம்பிவிடக் கூடாது என்றுதான் அப்படி. மேப்போடு தருகிற விவரச் சீட்டில், உங்கள் ஐந்தாவது கண்ட்ரோல் 47, அது பாறையின் தெற்குப் பக்கம் என்கிற மாதிரி, எழுத்தில் இல்லாமல் சின்னச் சின்னக் குறிகளாகப் போட்டிருப்பார்கள். பிள்ளை பாறைப் பக்கம் வந்திருக்கிறாள், ஆரஞ்சுத் துணியைப் பார்த்ததும் மனசு துள்ளியிருக்கும், நம்பரைப் பார்க்காமல் பஞ்ச் பண்ணிவிட்டுப் பறந்திருப்பாள். அது பக்கத்து கோர்ஸின் கண்ட்ரோல். நானும் இதைச் செய்திருக்கிறேன், முப்பது வயசில், மீசை வைத்துக்கொண்டு.

அவளுக்கு ஒரு பழக்கம் மட்டும் சொல்லிக் கொடுங்கள். கண்ட்ரோலை நெருங்கும்போதே அடுத்த நம்பரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வர வேண்டும்: "நாற்பத்தேழு, நாற்பத்தேழு." அங்கே 74 தொங்கினால் வாய்க்கும் கண்ணுக்கும் சண்டை வந்துவிடும். கடைக்குப் போகும்போது "கால் கிலோ துவரம்பருப்பு, நூறு கடுகு" என்று சொல்லிக்கொண்டே போவோமே, அதேதான். அப்புறம் இன்னொன்று: அவள் வந்த நேரம் நிஜம். அந்தப் பிள்ளைகளில் அவள் கால்தான் வேகம் என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கே கேட்காதீர்கள்.

வெள்ளையாக இருக்கிறதே, வெட்டவெளி போல, குறுக்கே ஓடிவிடலாம் என்று போனேன். உள்ளே பார்த்தால் மரமாக இருக்கிறது! – சேரன்மகாதேவி வாசகர்

ஓரியன்டியரிங் மேப்பில் வெள்ளை என்றால் ஓட முடிகிற காடு. வெட்டவெளி மஞ்சள். பச்சை கூடக் கூட அடர்த்தி கூடும், கரும்பச்சை என்றால் உடம்பைக் கிழித்துக்கொண்டுதான் போகணும். பழுப்பு கோடு மேடு பள்ளம், நீலம் தண்ணீர், கறுப்பு பாறையும் பாதையும் கட்டடமும். இந்த விளையாட்டு பிறந்தது நார்வே, ஸ்வீடன் பக்கம், அவர்களுக்குக் காடுதான் சாதாரணத் தரை, அதனால் அதற்குச் சாயமே பூசவில்லை. நம் ஊர்க்காரன் மேப் முறை வகுத்திருந்தால் வெள்ளையைப் பொட்டலுக்கு வைத்திருப்பான்.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்.சி.சி.யில் படித்தவர்கள் சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 மேப்பில் பழகியிருப்பார்கள், அதில் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். இங்கே 1:10,000 கொடுத்தால் ஒரு சென்டிமீட்டர் வெறும் நூறு மீட்டர். பழைய கண்ணோடு ஓடினால் கண்ட்ரோலைத் தாண்டி அடுத்த கிராமத்துக்குப் போய்விடுவோம். நான் போயிருக்கிறேன். மோர் கொடுத்தார்கள்.

ஜெர்மனியில் இருக்கும் என் மாமா பையன் நல்ல காம்பஸ் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அங்கே அருமையாக வேலை செய்ததாம். இங்கே முள் ஒரு பக்கம் சாய்ந்து, அடியில் உரசி நின்றுவிடுகிறது. ரெண்டு தடவை தப்பான திசையில் போய்விட்டேன். கெட்டுப்போய்விட்டதா? – கே.டி.சி. நகர் வாசகர்

கெடவில்லை, ஊர் மாறிவிட்டது. பூமியின் காந்தம் முள்ளை வடக்கே மட்டும் இழுப்பதில்லை. ஐரோப்பாவில் அது முள்ளின் வடக்கு முனையைக் கீழ்ப்பக்கமாகவும் நன்றாக இழுக்கும். அதைச் சரிக்கட்ட, அந்தப் பக்கம் விற்கிற காம்பஸில் தெற்குப் பக்கத்துக்குக் கொஞ்சம் எடை கூட்டியிருப்பார்கள். நம் திருநெல்வேலியோ காந்தப் பூமத்திய ரேகைக்கு, அதாவது முள் எந்தப் பக்கமும் கீழே சாயாமல் தட்டையாக நிற்கிற கோட்டுக்கு, ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, இங்கே அந்தக் கீழ் இழுப்பு கிட்டத்தட்ட இல்லை. அதனால் கூட்டி வைத்த எடை முள்ளைத் தெற்கே சாய்த்துவிடுகிறது. இந்த ரேகைக்காகத்தான் 1963-ல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்தார்கள். நம்ம கிருஷ்ணாபுரத்தில், சிலைகளுக்குப் பேர்போன கோயில் இருக்கிற அதே பக்கத்தில், புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

காம்பஸைத் தட்டையாக வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், சாய்வு கண்ணுக்கே தெரியும். இந்தியாவுக்கென்று சமன்படுத்தியதையோ, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் முள் உள்ளதையோ வாங்குங்கள். அதுவரை அவசரத்துக்கு, முள் விடுபடும் அளவுக்குத் தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பார்க்கலாம். இன்னொன்று, காம்பஸ் பிடிக்கிற கையிலேயே செல்போனும் இருந்தால் எந்தக் காம்பஸும் பொய் சொல்லும்.

போனில் மேப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? – நாங்குநேரி வாசகர்

போட்டியில் அதைப் பார்த்து ஓடினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் பயிற்சியில் போனைப் பையில் போட்டு, போன தடத்தை மட்டும் பதிவு பண்ணுங்கள். வீட்டில் முதலில் சிவப்புப் பேனாவால் வரைந்துவிட்டு, அப்புறம் போனைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் போனதாக நினைக்கிற வழிக்கும் போன வழிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தால் சிரிப்பு வரும்.

நம்ம பக்கம் எங்கே பழகலாம் அண்ணாச்சி? மலைக்குப் போகலாமா? – களக்காடு இளைஞர்கள்

மலைக்கு வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் உள்ளே ஓடினால் வழி தப்புவதைவிடப் பெரிய தப்பு.

நமக்குக் குளம் போதும். இவ்வளவு குளம் உள்ள ஊரில் இருந்துகொண்டு வேறென்ன தேடுகிறீர்கள்? குளத்தங்கரை நல்ல கைப்பிடி, அதைப் பிடித்துக்கொண்டே போனால் தப்ப முடியாது. மடை, மறுகால், கரையில் நிற்கிற சாஸ்தா கோயில் எல்லாம் சந்தேகமில்லாத அடையாளங்கள். கண்ட்ரோலை நேரே தேடாமல், முதலில் மடைக்கு வேகமாக ஓடி, அங்கிருந்து நிதானமாகக் காம்பஸ் பிடித்துக் கடைசி எண்பது மீட்டரை அளந்து போகப் பழகுங்கள். இன்னொரு பயிற்சி: கரை அரை கிலோமீட்டர் நீளம், மடை நடுவில் இருக்கிறது, நீங்கள் வயல்காட்டு வழியாக மடையைக் குறிவைத்து நேரே ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். கரை வந்துவிட்டது, மடையைக் காணோம். இடமா, வலமா? தெரியாது. அதனால் முதலிலேயே, வேண்டுமென்றே, ஐம்பது மீட்டர் இடப்பக்கம் தள்ளிக் குறிவையுங்கள். கரை ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் திரும்பலாம். தெரிந்தே செய்கிற தப்பு.

தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் போனால் செம்மணல் மேடும் பனையும்தான், அடையாளம் குறைவு, நடையை எண்ணப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. எனக்குத் தார்ரோட்டில் நூறு மீட்டருக்கு இடதுகால் 42 தடவை விழும். தேரி மணலில் அது 55-ஐத் தாண்டும். இது தெரியாமல் ரோட்டுக் கணக்கை மணலில் போட்டு, வராத இடத்தில் நின்று கண்ட்ரோலைத் தேடியிருக்கிறேன். பணகுடி பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காற்றாலையை அடையாளமாக வைக்காதீர்கள். நூறு நிற்கிறது, நூறும் ஒன்றுபோல. "ரெண்டாவது காத்தாடிகிட்ட திரும்புனேன்" என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். எதிலிருந்து ரெண்டாவது மக்கா?

தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு நம் காடுகளில் நிறைய, மேப்பைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவனுக்கு அது எமன். முதலில் நடந்து பார்த்துக் கிணறுகளைக் குறித்துவிட்டு அப்புறம் ஓடுங்கள். காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் துணி தொங்கவிட்டால் ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் ஒருமுறை பனைமூட்டில் விடியுமுன் கட்டிவிட்டு வந்தேன், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊரே கூடி நின்றது. எலுமிச்சம்பழம்கூட யாரோ கொண்டுவந்துவிட்டார்கள்.

ஒரு போட்டியில் பாறைச் சரிவில் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஓடிவிட்டேன். மூன்றாவது இடம் கிடைத்தது. மனசு உறுத்துகிறது. – பெயர் வேண்டாம் என்றவர்

உறுத்தத்தான் வேண்டும். அடிபட்டவருக்கு உதவுவது இந்த விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது. 2009-ல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்சில் உலகப் போட்டி, ஆண்கள் தொடர் ஓட்டத்தின் கடைசிச் சுற்று. ஸ்வீடன்காரர் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் மரக்குச்சி ஆழமாகக் குத்திவிட்டது. பிரான்சின் தியெரி கியோர்கியூ, நார்வேயின் அன்டர்ஸ் நூர்ட்பெர்க், செக் நாட்டின் மிக்கல் ஸ்மோலா மூன்று பேரும் பதக்கத்துக்கான ஓட்டத்தை விட்டுவிட்டு அவரோடு நின்றார்கள். தங்கம் ஸ்விட்சர்லாந்துக்குப் போனது.

அந்தப் போட்டி நடத்தியவர்களிடம் கேட்டால் உட்கார்ந்திருந்தவர் யார் என்று சொல்வார்கள். ஒரு போன் போடுங்கள்.

எனக்கு 58 வயசு, முழங்கால் வலி உண்டு. வரலாமா? – வீரவநல்லூர் வாசகர்

வாங்க அண்ணே. 35-க்கு மேல் ஐந்தைந்து வயசுக்கு ஒரு பிரிவு இருக்கிறது, தொண்ணூறு வயசுக்காரர்கள்கூட உலகப் போட்டிக்கு வருகிறார்கள். வருஷா வருஷம் திருச்செந்தூருக்கு நடக்கிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த நடை போதும். ஓடணும் என்று சட்டம் இல்லை. டாக்டரிடம் முழங்காலை ஒருதடவை காட்டிவிட்டு, சிவப்புப் பேனா ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.